கட்டடங்களில் காற்றுப் பதன அமைப்புகள்

கட்டடத்துக்குள் நிலவும் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், தூய்மை, ஓட்டம் ஆகிய நான்கையும் மனிதருக்கோ பொருளுக்கோ ஏற்ற அளவில் வைத்திருக்கும் பொறியமைப்பு காற்றுப் பதன அமைப்பு எனப்படும். சூடாக்கல், காற்றோட்டம், குளிரூட்டல் மூன்றும் இதில் அடங்கும். பொறியாளர்கள் இதை எச்.வி.ஏ.சி. என்பார்கள், பேச்சு வழக்கில் எல்லாம் ‘ஏசி’தான். அந்த அமைப்பின் பணிகளுள் குளிர்விப்பது எளிதானது. கடலோர வெப்ப நாடுகளில் ஈரத்தைப் பிரிப்பதும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதுமே கடினமானவை. செலவைக் குறைக்க முனையும்போது முதலில் கைவிடப்படுவதும் இவ்விரண்டே.

இத்துறை தொடங்கியதே ஈரத்தால்தான். 1902இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில், கோடைக்காற்றின் ஈரத்தில் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறத்தை அச்சிடும்போது படம் விலகியது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் பணியாற்றிய 25 வயது வில்லிஸ் கேரியர், குளிர்ந்த நீரோடும் குழாய்ச் சுருள்களின் மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தை நிலைப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். 1906இல் அவர் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் நெசவாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அச்சுக் காகிதமும் பருத்தி நூலும் இதன் முதல் பயனாளிகள்; மனிதரின் சுகம் பிறகுதான் கணக்கில் வந்தது.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சென்னை போன்ற ஊரின் காற்றை வைத்துக் கணக்கிடலாம். 33 டிகிரி செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கிலோவுக்குச் சுமார் 19 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் நாம் விரும்பும் 24 டிகிரி, 50 விழுக்காடு நிலையில் 9 கிராம் அளவே இருக்க வேண்டும். மீதி 10 கிராமும் நீராகி வடிய வேண்டும். நீராவி நீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பத்தையும் இயந்திரமே சுமக்கிறது. இந்தக் காற்றைப் பொறுத்தவரை, வெப்பநிலையை 9 டிகிரி இறக்குவதற்கு ஆவதைப்போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேலை ஈரத்தைப் பிரிப்பதற்கே ஆகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத்தான் ஏசியின் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயில் வியர்க்கிறது. 24 டிகிரி, 50 விழுக்காடு காற்றின் பனிநிலை ஏறத்தாழ 13 டிகிரி. காயில் அதைவிடக் குளிர்ந்திருந்தால்தான் ஈரம் படியும். பெரிய கட்டடங்களில் குளிர்நீரை 7 டிகிரி அளவில் சுற்றவிடுவதற்குக் காரணம் இதுவே.

குளிரூட்டலின் அடிப்படை ஆவியழுத்தச் சுழற்சி. குளிர்பொருளின் ஆவியைக் கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்கும். கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகும். விரிவு வால்வில் அழுத்தம் சட்டென்று குறைந்து குளிரும். எவாப்பரேட்டர் காயிலில் அறையின் வெப்பத்தை உறிஞ்சி மீண்டும் ஆவியாகும். வெப்பம் அழிவதில்லை, உள்ளிருந்து வெளியே இடம் மாறுகிறது. அதனால்தான் நீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரங்களான சில்லர்களால் ஓர் அலகு மின்சாரத்தில் ஐந்தாறு அலகு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது.

வீட்டு ஸ்பிளிட் ஏசியில் இவையெல்லாம் இரு பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். பெரிய கட்டடத்தில் சில்லர் தரைத்தளத்திலோ கீழ்த்தளத்திலோ இருக்கும். அது வெளித்தள்ளும் வெப்பத்தை மொட்டை மாடியிலுள்ள கூலிங் டவர் நீரை ஆவியாக்கிப் போக்கும். குளிர்நீர் பம்ப் வழியே ஒவ்வொரு தளத்திலும் காற்றைக் கையாளும் அலகான ஏ.எச்.யு.வுக்கு ஏறும். அங்கே வடிகட்டி, காயில், ப்ளோயர் ஆகியவற்றைத் தாண்டிய காற்று, பொய்க்கூரைக்கு மேலே ஓடும் டக்ட் வழியாக அறைகளுக்குப் போய், ரிட்டர்ன் கிரில் வழியே திரும்புகிறது. அறைக்கு அறை தேவை மாறும் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் இப்போது வி.ஆர்.எஃப். முறை பரவியுள்ளது, டைக்கின் நிறுவனம் 1982இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய இம்முறையில் குளிர்பொருளே நேராக ஒவ்வோர் அறைக்கும் செல்கிறது.

இயந்திரத்தின் திறனை ‘டன்’ கணக்கில் சொல்வது பனிக்கட்டி வணிகக் காலத்தின் எச்சம். 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன். இன்றைய அளவில் 3.5 கிலோவாட். மசாசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றிவந்து 1840களில் சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸ், சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இன்றும் நிற்கிறது. டன் கூடினால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. தேவைக்கு மீறிய ஏசி சில நிமிடங்களில் வெப்பநிலையை இறக்கிவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஈரம் வடிய நேரம் கிடைக்காது. அறை சில்லென்றிருக்கும், பிசுபிசுப்பு போகாது, துணியும் புத்தகமும் நமுத்துப்போகும். ஜன்னலின் திசை, கூரைவெயில், ஆட்களின் எண்ணிக்கை, விளக்குகள் ஆகியவற்றைக் கணக்கிட்டே டன் முடிவு செய்யப்பட வேண்டும்.

காற்றோட்டமே இன்று மிக மோசமாகப் புறக்கணிக்கப்படும் பகுதி. பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகள் வெளிக்காற்றைத் துளியும் எடுப்பதில்லை. அறைக்காற்றையே மறுபடி மறுபடி குளிர்விக்கின்றன. வெளியே சுமார் 420 பி.பி.எம். இருக்கும் கரியமில வாயு, கதவடைத்த வகுப்பறையிலோ கூட்ட அறையிலோ வெகுவிரைவில் 1,000ஐத் தாண்டும். கண்ணெரிச்சல், தலைவலி, தூக்கக்கலக்கம் மட்டுமல்ல, ஒருவரின் மூச்சிலிருந்து வரும் கிருமியும் அதே காற்றில் சுற்றுகிறது. அமெரிக்கக் காற்றுப் பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 தரநிலையின்படி வழக்கமான அலுவலகத்தில் ஒருவருக்கு நொடிக்கு ஏறத்தாழ 8.5 லிட்டர் வெளிக்காற்று தேவை. ஈரமான வெளிக்காற்றைப் பதப்படுத்த மின்சாரம் செலவாகும் என்பதால் பல கட்டடங்களில் வெளிக்காற்று நுழையும் வழியிலுள்ள தடுப்பை (டேம்பர்) மூடிவைக்கிறார்கள். மூட வேண்டியதில்லை: வெளியேறும் குளிர்க்காற்றின் வறட்சியையும் தட்பத்தையும் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் வெப்ப மீட்புச் சக்கரங்கள் உள்ளன. மருத்துவமனையில் காற்றின் திசையே பாதுகாப்பு. அறுவை அரங்கில் மணிக்கு 20 முறை காற்று மாற்றப்பட்டு, உள்ளழுத்தம் கூடுதலாக வைக்கப்படுகிறது. காற்றுவழி பரவும் நோய் உள்ளவரின் தனிமை அறையில் அழுத்தம் குறைவாக வைக்கப்படுகிறது.

சூடாக்கல் குளிர் நாடுகளில் முதன்மையானது. அங்கே பாய்லரும் ரேடியேட்டரும் ஆண்டின் பெரும்பகுதி இயங்கும். இப்போது குளிரூட்டும் சுழற்சியையே திருப்பிவிடும் ஹீட் பம்ப்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துவருகின்றன. தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களை விட்டால் அறையைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தாலைகளிலும் அறுவை அரங்குகளிலும், ஈரத்தைப் பிரிக்க மிகவும் குளிர்வித்த காற்றைச் சற்றே மறுசூடாக்கி அனுப்புவதுண்டு.

உலகின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஏசிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் போகிறது என்று பன்னாட்டு ஆற்றல் முகமை 2018இல் கணக்கிட்டது. ப்ளோயரின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் அதன் மின்தேவை பாதியாகிறது. ஆகவே வேகத்தை மாற்றும் டிரைவ்கள் விலைக்குத் தக்க பலன் தருபவை. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏசிகள் 24 டிகிரி இயல்நிலையுடன் வருகின்றன. குளிர்பொருளும் மாறிவருகிறது: ஓசோனை அரித்த குளோரோஃபுளோரோகார்பன்களை 1987 மான்ட்ரியல் நெறிமுறை ஒதுக்கியது, அவற்றுக்குப் பதிலாக வந்து புவியைச் சூடாக்கும் ஹைட்ரோஃபுளோரோகார்பன்களை 2016 கிகாலி திருத்தம் படிப்படியாகக் குறைக்கிறது. இந்தியா அதை 2021இல் ஏற்றது.

எந்த அமைப்பும் பராமரிப்பால்தான் நிலைக்கும். அடைத்த வடிகட்டி காற்றைக் குறைக்கும். தேங்கிய வடிநீர்த் தட்டில் பூஞ்சை வளரும். கவனிக்கப்படாத கூலிங் டவர் நீரில் லெஜியோனெல்லா பெருகும். 1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் பலரைக் கொன்று, அதன் பிறகே அடையாளம் காணப்பட்ட கிருமி அது. பள்ளி, மண்டபம், அலுவலகம் எதற்கு ஏசி அமைத்தாலும், எத்தனை டன் என்று கேட்பதற்கு முன் ஓர் ஆளுக்கு எவ்வளவு வெளிக்காற்று வரும், எந்த வழியாக வரும் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.