கிணற்று நீரில் பெட்ரோல், தின்னர் வாடையா? பெர்மாங்கனேட் மெழுகு முறையும் விவசாயிகள் செய்ய வேண்டியவையும்

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நீர் வந்தது. நிலத்தடிக் குழாய்க் கசிவே காரணம். பெட்ரோல் பங்க், பெயின்ட் ஆலை, இயந்திரப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் பட்டறைகளுக்கு அருகிலுள்ள பாசனக் கிணறுகளிலும் இந்தச் சிக்கல் வரலாம்.

நிலத்தடியில் நடப்பது

பெட்ரோல் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். பிசுக்கு நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன் நீரைவிடக் கனமானது. அடியில் இறங்கிக் களிமண்ணில் தங்கி, பல ஆண்டுகள் கசியும். அதனால்தான் மோட்டார் போட்டு இறைத்தாலும் மாசு திரும்ப வருகிறது. இது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அமெரிக்காவில் குடிநீரில் இதற்கான உச்ச வரம்பு லிட்டருக்கு 0.005 மில்லிகிராம்.

மெழுகு முறை

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பாரஃபின் மெழுகில் கலந்து குச்சிகளாக வார்த்து, நீரோட்டத்தின் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு இறக்குவார்கள். அது மெல்லக் கரைந்து, டிரைகுளோரோஎத்திலீனைக் கரியமில வாயுவாகவும் குளோரைடாகவும் உடைக்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் கோசாட் ஊரின் பழைய குப்பைக் கிடங்கில் 2010-இல் சுமார் 3 அடி நீளக் குச்சிகள் இறக்கப்பட்டன, மாசு குறைந்தது. ஆனால் குச்சியின் மேல் மாங்கனீசு டை ஆக்சைடு படிவதால் பராமரிப்பு தேவை. பெட்ரோலில் உள்ள பென்சீனைப் பெர்மாங்கனேட் எளிதில் உடைக்காது. அதற்குப் பெர்சல்பேட் பயன்படுகிறது.

நீங்களே கொட்டாதீர்கள்

தோல் தொழிற்சாலைக் கழிவு படிந்த மண்ணில் பெர்மாங்கனேட் சேர்ந்தால், அங்குள்ள குரோமியம் அதிக நச்சுள்ள வடிவத்துக்கு மாறலாம். மண் ஆய்வுக்குப் பின் வல்லுநர்களே செய்ய வேண்டிய வேலை இது. பிளீச்சிங் பவுடர் கிருமிகளுக்குத்தான், இதற்குத் தீர்வல்ல.

செய்ய வேண்டியவை

- வாடை வந்தால் குடிக்கவோ, கால்நடைகளுக்குக் காட்டவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் நச்சு ஆவி வீட்டுக்குள் பரவும்.
- கிணற்றுக்குள் இறங்காதீர்கள். அருகில் பீடி, தீக்குச்சி பற்ற வைக்காதீர்கள்.
- வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் இது தெரியாது. 'ஆவியாகும் கரிமப் பொருள்' பரிசோதனை கேளுங்கள்.
- மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாகக் கொடுங்கள்.
- மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். லால்குடி, மண்ணச்சநல்லூர் பகுதிகளிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரும் விவசாயிகள், திருச்சி ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

சுத்திகரிப்புச் செலவு விவசாயியின் தலையில் விழ வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துள்ளது.