காஞ்சனபுரியில் விடுபட்ட எழுத்து

"தாத்தா சயாமுக்குப் போனார். திரும்பி வரவில்லை."

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாம் உலகப் போரின் வரலாறு இந்த இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. எந்த மாதம் போனார்? யாரோடு போனார்? எந்த முகாமில் கண் மூடினார்? சொல்ல ஆளில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இலை போட்டு, மற்ற முன்னோர்களோடு சேர்த்து அவருக்கும் படைத்துவிட்டு, பாட்டிமார் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

அந்தத் தாத்தாக்கள் போன இடம் எங்கோ எட்டாத தூரத்தில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து பாடாங் பெசார் எல்லை வரை இன்று மின்ரயில் ஓடுகிறது. அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் பேங்காக். பேங்காக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் போனால் காஞ்சனபுரி. பர்மா எல்லையை ஒட்டிய மாநிலம் அது. கரும்பும் மரவள்ளியும் விளையும் பூமி, மூங்கில் காடு, இரண்டு ஆறுகள். இந்தக் கிராமப்புறத்தில்தான் சயாம் மரண ரயில்பாதையின் கதையைச் சொல்லும் சின்னச் சின்ன அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

பேங்காக்கில் கடைத்தெரு சுற்றப் போகும் மலேசியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு நாளை ஒதுக்கிக் காஞ்சனபுரிக்கும் போய்வருகிறவர்கள் எத்தனை பேர்?

ஏன் அந்த ரயில்பாதை?

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. அடுத்து பர்மாவையும் பிடித்தார்கள். அங்கிருந்து இந்தியாவை நெருங்க வேண்டும். பர்மாவில் இருந்த படைக்குக் கப்பலில் சாமான் அனுப்பினால், மலாக்கா நீரிணையிலும் அந்தமான் கடலிலும் நேசநாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே தரை வழியே பாதை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். நடுவில் மலை, காடு, மழை, மலேரியா. ஆங்கிலேயர் முன்பே யோசித்துப் பார்த்துக் கைவிட்ட வழி. 1942-இன் நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17-இல் இரு பக்கத் தண்டவாளங்களும் கொன்கோய்த்தாவில் சந்தித்தன. ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்த வேலை அது. முடித்தது இயந்திரங்கள் அல்ல. சம்மட்டி, உளி, மண்வெட்டி, மூங்கில் கூடை, அவற்றைப் பிடித்த மனிதக் கைகள்.

போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், சில நூறு அமெரிக்கர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் குறையாது. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேர் வரை போனதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அதைவிடக் கூட்டியும் குறைத்தும் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் மனிதனை மனிதனாக எண்ணிய கணக்கு. மறுபக்கம் "இருக்கலாம்" என்கிற கணக்கு.

ஒரு வெள்ளிக் கூலி

தோட்டத்து மக்கள் ஏன் போனார்கள்? போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. துரைமார் ஓடிவிட்டார்கள். பால்மரத்தை வெட்டினாலும் வாங்க ஆளில்லை. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடு ஆயிற்று. துணிக்குப் பதிலாகச் சாக்கைக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை இருக்கிறது, மூன்று மாதம்தான், நாளுக்கு ஒரு வெள்ளிக் கூலி, சாப்பாடு இலவசம் என்று ஆள் சேர்த்தார்கள். குடும்பத்தோடு கிளம்பியவர்களும் உண்டு.

போனவர்கள் திரும்பாதபோது விஷயம் கசிந்தது. அதன்பின் விருப்பம் கேட்கவில்லை. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கிராணிமாரிடமும் கங்காணிமாரிடமும் கணக்குக் கேட்டார்கள். வழியில் நடந்தவனை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துப்போன கதையைத் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மூடிய சாமான் பெட்டிகளில் நான்கைந்து நாள் பயணம். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943-இன் மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, ஈ மொய்த்த சோற்றைத் தொடாதே என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு இந்த இரண்டும் இல்லை. காய்ச்சலிலும் கால் புண்ணிலும் வாந்திபேதியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். குழிக்குள் எத்தனை பேர் என்று எழுதி வைக்கவும் யாரும் இல்லை.

ஆள் மட்டுமா போனார்கள்? தண்டவாளமும் போனது. கெமாசிலிருந்து கிளந்தான் செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து ஜப்பானியர் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மலாயாவின் இரும்பும் மலாயாவின் எலும்பும் சேர்ந்து கிடக்கிற பாதை அது.

ஐந்தெழுத்து அருங்காட்சியகம்

காஞ்சனபுரியில் முதலில் பார்க்க வேண்டியது, மே குளோங் ஆற்றங்கரையில் வாட் சாய்சும்போன் என்ற புத்த விகாரையின் வளாகத்தில் உள்ள ஜீத் போர் அருங்காட்சியகம். 1977-இல் அந்த விகாரையின் தலைமைத் துறவி அமைத்தது. போர்க்கைதிகள் தங்கிய கொட்டகையைப் போலவே மூங்கிலால் நீளமாகக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் மண் தரை. இரு பக்கமும் மூங்கில் பரண். அதில்தான் படுக்கை. சுவரில் கைதிகள் ஒளித்து வரைந்த படங்களின் பிரதிகள், பழைய நிழற்படங்கள், துருப்பிடித்த கருவிகள். குளிர்சாதனம் கிடையாது. வியர்த்து வழிய நின்று பார்க்க வேண்டும். அதுவே ஒரு பாடம்.

"ஜீத்" என்பது தாய் மொழிச் சொல் அன்று. ஆங்கில எழுத்துகளைக் கோத்த பெயர். ஜே என்றால் ஜப்பானியர். ஈ என்றால் இங்கிலாந்துக்காரர். ஏ என்றால் ஆஸ்திரேலியரும் அமெரிக்கரும். டி என்றால் தாய்லாந்துக்காரர். எச் என்றால் ஹாலந்துக்காரர். பாதையோடு சம்பந்தப்பட்ட நாட்டவர்களை இப்படி ஐந்தெழுத்தில் அடக்கிவிட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளிக்கு அந்தப் பெயரில் ஓர் எழுத்து இல்லை. பர்மியனுக்கு இல்லை. ஜாவானியனுக்கு இல்லை. மலாயாக்காரனுக்கு இல்லை. தமிழன் என்று ஆங்கிலத்தில் எழுதினாலும் டி-யில்தான் தொடங்கும். ஆனால் அந்த டி வேறொருவருக்குப் போய்விட்டது.

இதற்காக அந்தத் துறவியைக் குறை சொல்வது நியாயமாகாது. அவரைத் தேடி வந்தவர்கள் யார்? முன்னாள் போர்க்கைதிகளும் அவர்களின் பிள்ளைகளும். நாட்குறிப்பும் படமும் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்தவர்களின் கதை சுவரில் ஏறியது. கொடுக்காதவர்களின் கதை ஏறவில்லை.

நகரின் நடுவே காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி நட்டு, கோயில் போல் வைத்திருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது, குடும்பத்தார் சொன்ன ஒரு வரி. இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று வயதைப் படித்துக்கொண்டு போனால் யாருக்கும் தொண்டை அடைக்கும்.

அதை ஒட்டியே தாய்லாந்து பர்மா ரயில்பாதை மையம். ஆஸ்திரேலியரான ரோட் பீட்டி 2003-இல் திறந்த தனியார் அருங்காட்சியகம். பாதை எப்படித் திட்டமிடப்பட்டது, எந்த முகாமில் என்ன நோய் பரவியது என்பதையெல்லாம் வரைபடம் போட்டு விளக்குகிறார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவையும் இங்கே மறைக்காமல் சொல்கிறார்கள். ஆனால் சொல்ல முடிவது தொகையை மட்டுமே. தந்தை எந்த முகாமில் இறந்தார் என்று ஓர் ஆஸ்திரேலியர் கேட்டு வந்தால், ஏடுகளைப் புரட்டி இடம் காட்ட முடிகிறது. தாத்தாவைத் தேடிக் கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தால் புரட்ட ஏடு வேண்டுமே!

காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை பழைய பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. அதையும் தாண்டிப் போனால் ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்த நரக நெருப்புக் கணவாய் நினைவு அருங்காட்சியகம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாகப் பாறை உடைத்தவர்களைப் பார்த்து வைத்த பெயர் அது. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்காக அயல்நாட்டுக் காட்டில் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது என்பதை மலேசியத் தமிழர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

தமிழ் எங்கே இருக்கிறது?

சினிமா புகழ் பெற்ற குவாய் ஆற்றுப் பாலத்தின் அருகே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. பாலத்தில் படம் எடுக்க வருகிற கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பியது. வேலையில் மாண்டவர்களுக்கு அஞ்சலி சொல்லும் பல மொழிப் பலகைகளில் தமிழும் ஒன்று. யார் கொண்டுபோய்ச் சாகவிட்டார்களோ அவர்களே முதலில் தமிழில் எழுதி வைத்தார்கள் என்பதை என்னவென்று சொல்வது?

போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம் என்ற விகாரை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த தூபி அங்கே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே சமாதி. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோதும் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கும்பலாகக் கிடைத்தன. 2023-இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அந்த விகாரை வளாகத்தில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது தமிழரின் பழைய வழக்கம். பாதை முடிந்து 80 ஆண்டு கழித்துத்தான் சயாமில் விழுந்தவனுக்கு அது கிடைத்தது.

நம் நாட்டு எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்தத் துயரத்தைப் பேசின. ஆனால் நாவல் துயரத்தைச் சொல்லும், பெயர்ப்பட்டியல் தராது. பட்டியலைக் குடும்பங்கள்தான் தர முடியும்.

அவசரமும் இருக்கிறது. மரண ரயில்பாதையைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். தோட்டங்களும் போய்விட்டன. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆகிவிட்டது. பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆகிவிட்டது. லயமும் இல்லை, கிராணி எழுதிய பேரேடும் இல்லை. மிஞ்சியிருப்பது, பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளைகளின் நினைவு மட்டுமே. அந்தப் பிள்ளைகளுக்கும் வயது எழுபதைத் தாண்டுகிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. அதே இடத்தில் முன்பிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி 1945-இல் விமானக் குண்டு வீச்சில் அழிந்தது. புதிய கட்டடம் 1963-இல் எழுந்தது. இடிந்த கட்டடத்தை மறுபடி கட்டலாம். எழுதாமல் விட்ட பெயரை எங்கே போய்க் கட்டுவது?

காஞ்சனபுரி அருங்காட்சியகங்கள் கற்றுத் தருவது இதுதான்: எழுதி வைத்தவன் நினைக்கப்படுகிறான். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எடுக்கலாம். போனவரின் பெயர், அவருடைய தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய வயது, கூடப் போனவர்கள், திரும்பி வந்தவர் யாராவது சொன்ன சேதி. தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். பழைய படம் இருந்தால் பிரதி எடுத்துச் சேர்க்கலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இதையே விடுமுறைப் பணியாகக் கொடுக்கலாம். சேர்ந்த தாள்களில் ஒரு பிரதி கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, ஒரு பிரதி காஞ்சனபுரிக்கு.

அடுத்த பள்ளி விடுமுறையில் யாராவது ஒரு குடும்பம் அங்கே போகும்போது, கையில் அந்தத் தாள் இருக்கட்டும். வாட் தாவோன் வராராம் தூபியின் முன் நின்று, தாத்தாவின் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வரட்டும். திதி தெரியாவிட்டால் என்ன, இடம் தெரிந்துவிட்டதே!