சகிப்பா, சுதந்திரமா? பிரெஞ்சுப் புரட்சியில் ஒரு போதகர்

பிரெஞ்சுப் புரட்சியை நாத்திகத் தத்துவஞானிகளின் விளைவென்று ஒரே வாக்கியத்தில் கூறி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். ஆயினும் அப்புரட்சியின் முன்னணியில் சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரும் நின்றார். அவர் ராபோ சேன்-எத்தியேன்.

நாந்து நகரில் 1598இல் பிறப்பிக்கப்பட்ட சமய உரிமைச் சாசனத்தைப் பதினான்காம் லூயி 1685இல் ரத்துச் செய்தபின், பிரான்சின் புரொட்டஸ்டாந்தர் காடுகளிலும் மலைகளிலும் கூடி ஆராதித்தனர். தங்களை 'வனாந்தரச் சபை' என்றே அழைத்துக்கொண்டனர். அவர்களுடைய போதகர் நடத்திவைத்த விவாகம் சட்டப்படி செல்லாது. பிள்ளைகள் முறைகேடாய்ப் பிறந்தவர்களாகவே கருதப்பட்டனர். 1762 பெப்ருவரியில் ரொஷேத் என்னும் போதகர் துலூஸ் நகரில் தூக்கிலிடப்பட்டார். மறுமாதமே, கத்தோலிக்கனாக மாறவிருந்த மகனைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட ழான் கலாஸ் என்னும் வணிகர் அந்நகரிலேயே சக்கரத்தில் கட்டி நொறுக்கப்பட்டார். வால்தேர் இவ்வழக்கைக் கையிலெடுத்து, 1763இல் சகிப்புத்தன்மையைப் பற்றி நூல் எழுதினார். 1765இல் கலாஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. திருச்சபையை ஏளனம் செய்த ஒருவருடைய எழுதுகோலே இதனைச் சாதித்தது என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கவேண்டியதில்லை.

நீம் நகரில் மறைந்து வாழ்ந்து மந்தையை மேய்த்த போல் ராபோவின் மகனே சேன்-எத்தியேன். லோசானில் இறையியல் பயின்றவர். 1787ஆம் ஆண்டின் அரச ஆணை புரொட்டஸ்டாந்தருக்குப் பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உரிமையைத் தந்தது. பகிரங்க ஆராதனையைத் தரவில்லை. 1789 ஆகஸ்டு 23இல் தேசிய சபையில் எழுந்து பேசிய அவர், 'சகிப்பு' என்னும் சொல்லையே மறுத்தார். அச்சொல்லில் குற்றவாளிக்குக் காட்டும் இரக்கம் தொனிக்கிறது. தாம் கேட்பது சுதந்திரம், அதுவும் யூதருக்கும் சேர்த்து என்றார். மனித உரிமைப் பிரகடனத்தின் பத்தாம் பிரிவோ, சமயக் கருத்துக்காக எவரும் துன்புறுத்தப்படலாகாது என்பதோடு நின்று, பொது ஒழுங்கு என்னும் நிபந்தனையையும் சேர்த்தது. ஆராதனைச் சுதந்திரம் 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது.

அறிவொளிச் சிந்தனை ஒரே குரலில் பேசவில்லை. கலாஸ் மாண்ட அதே 1762இல் வெளியான 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில், குடிமைச் சமயத்தை ஏற்காதவரை அரசு நாடுகடத்தலாம் என்றும், ஏற்றபின் அதை விசுவாசியாதவர்போல் நடப்பவருக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்றும் ரூசோ எழுதியிருந்தார். வால்தேரை வாசித்தவர்களே இதனையும் வாசித்தனர்.

1790 மார்ச்சில் சேன்-எத்தியேன் தேசிய சபையின் தலைவரானார். பின்னர், சட்டம் இயற்றும் மன்றமே மன்னனுக்கு நீதிபதியாய் அமர்வது கொடுங்கோன்மை என்று எதிர்த்தார். 1793 ஜூனில் அவர் சார்ந்த ஜிரோந்தின் கட்சி வீழ்ந்தது. தந்தையைப் போலவே மகனும் ஒளிந்து வாழ்ந்தார். இம்முறை வேட்டையாடியவர்கள் குடியரசின் ஆட்கள். டிசம்பர் 5இல் கில்லட்டினுக்குப் பலியானார். எழுபத்தாறு வயதான தந்தையும் நீம் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, ரொபெஸ்பியர் வீழ்ந்தபின் விடுதலை பெற்று, 1794 செப்டம்பரில் மரித்தார்.