நியூட் இல்லாத மலை

சேத்தூரிலிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை மதிலென உயர்ந்து நிற்கும். ஐப்பசி மழையில் அதன் ஓடைகள் நுரைத்துப் பாயும். அந்நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் நெடிய வரலாறு உண்டு.

நீரிலும் நிலத்திலும் வாழ்வனவற்றை அறிஞர் மூன்று வரிசைகளாக வகுப்பர். வாலற்ற தவளையும் தேரையும் ஒரு வரிசை. வாலுடைய சாலமாண்டரும் அதன் வகையான நியூட்டும் மற்றொன்று. காலின்றி மண்ணுக்குள் வாழும் சிசிலியன்கள் மூன்றாவது. நியூட்டைப் பல்லியென மயங்குவோர் உளர். பல்லிக்குச் செதில் உண்டு. நியூட்டுக்கோ ஈரத்தோலே உண்டு. இழந்த காலை அது மீண்டும் வளர்த்துக் கொள்வதை இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1768இல் எழுதினார்.

சாலமாண்டர் தீயில் வேகாது என்பது பழங்கதை. 14ஆம் நூற்றாண்டின் எகிப்திய அறிஞர் தமீரி, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் ‘சமந்தல்’ என்பதைத் தீயில் வாழும் பறவையாகவே குறித்தார். கண்ணாரக் காணாத பொருளைக் கதை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது!

நம் மலையில் நியூட் உண்டா? இல்லை. வாலுடைய இவ்வரிசை பெரும்பாலும் வடபுலத்துக்கு உரியது. இந்தியாவில் அது டார்ஜிலிங் போன்ற இமயச் சாரல்களில் வாழ்கிறது. அதற்கென ஜோர்போக்ரியில் 1985இல் சரணாலயம் அமைந்தது.

நமக்கு வாய்த்தது வேறொரு செல்வம். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் கூர்மூக்குத் தவளையை 2003இல் கேரளத்து இடுக்கியிலிருந்து உலகுக்கு அறிவித்தனர். அதன் நெருங்கிய உறவினம் இந்துமாக்கடலின் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. பழம்பெருநிலம் பிளந்து இந்தியா தனியே நகர்ந்த வரலாற்றுக்கு அது உயிருள்ள சாட்சி. 2017இல் திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயத்திலிருந்து அதன் உடன்பிறப்பு ஒன்றைத் தனியினமாக அறிவித்து, 2014இல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைச் சூட்டினர்.

இடுக்கித் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனம் பெருக்கும். நம் பக்கத்துத் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். அதன் குஞ்சுகள் உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து வாழ்கின்றன.

ஆகவே, ஓடையைத் தடுத்தாலோ மாசுபடுத்தினாலோ நாம் இழப்பது ஒரு தவளையை மட்டுமன்று. பல கோடி ஆண்டு வரலாற்றின் ஏடொன்றையும் சேர்த்தே கிழித்தெறிகிறோம். இல்லாத நியூட்டுக்கு ஏங்க வேண்டா. இருப்பதை அறிந்து காப்பதே நம் கடன்.