ஏரிக்கரை

மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரைத் தாழ்ந்த பக்கத்தில் மறித்து, பெரும்பாலும் பிறை வடிவில் எழுப்பப்படும் மண் அணையே ஏரிக்கரை. மற்றப் பக்கங்களில் நிலத்தின் ஏற்றமே கரையாகிவிடும். பாசனத்துக்கு நீர் விட மதகும், மிகுதியை வெளியேற்றக் கலங்கலும் உண்டு. தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய்கள் ஏறத்தாழ 39,000.

கரைகாக்கும் கலை சோழர் காலத்தில் உச்சம் தொட்டது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்குச் சான்று. 30 குடும்புகளாக (வட்டங்களாக) பிரிந்திருந்த அவ்வூர், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில், ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு 6 பேரை அமர்த்தியது. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஓலையில் ஏறாது. தூர் வாரும் ஓடங்களுக்காகப் பொன் கொடுத்தவர்களும் உண்டு. ஏரிப்பட்டி என்னும் மானிய நிலத்தின் விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்கே சென்றது.

1790களில் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டவர் செங்கற்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ். வெள்ளத்தில் அந்த ஏரியின் கரையைக் காத்தவர் ராமரே என்பது ஊர் நம்பிக்கை. அங்குள்ள கோயிலுக்கு ஏரிகாத்த ராமர் கோயில் என்றே பெயர்.

ஊரார் மனமுவந்து மண் சுமந்த குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பாக்கியது. காலப்போக்கில் அந்த வழக்கம் நலிந்தது.

மண் கரைக்குப் பெரும் பகை, தலைக்குமேல் வழியும் வெள்ளம். கலங்கல் அடைபட்டாலோ கரைமட்டம் ஓரிடத்தில் தாழ்ந்தாலோ நீர் அங்கேதான் வழி தேடும். அடுத்தது கசிவு. தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள், உடனே மணல் மூட்டை அடுக்க வேண்டும். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம் ஆகியவை கசிவுக்கு வாசல் திறப்பவை. உட்சரிவில் அலைகல் (அலை தாங்கும் கற்பரப்பு) பெயர்ந்தால் அலையே கரையை அரித்துவிடும்.

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறை வசமும், சிறியவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் வசமும் உள்ளன. 2017இல் குடிமராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய 2023 டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்தன.