வன்குற்றத் தண்டனையும் மேல்முறையீடும்: சந்திரகிரி வட்டாரத்தின் நீதி வரலாறு

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் வேங்கடபதி ராயர் பெனுகொண்டாவை விட்டு வந்து விஜயநகர அரசின் தலைநகராக்கிக்கொண்ட சந்திரகிரி, ஒரு காலத்தில் வழக்குகள் வந்து முடியும் இடமாக இருந்தது. அரசனின் சொல்லுக்கு மேல் முறையிட வேறிடம் இல்லை. 1801இல் கர்நாடக நவாப் தம் ஆட்சியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபின் அவ்வூர் வட ஆற்காட்டின் ஒரு தாலுகாவாகச் சுருங்க, அங்கே கொலைக்கும் கொள்ளைக்கும் பிடிபட்டவர்களின் விதி வெளியூர்களில் முடிவாகத் தொடங்கியது.

1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சென்னை மாகாணத்தை நான்கு நீதிப் பிரிவுகளாக வகுத்தன. மசூலிப்பட்டினம், திருச்சிராப்பள்ளி, தலச்சேரி ஆகியவற்றோடு நடுப்பிரிவின் மாகாண நீதிமன்றம் சித்தூரில் அமைந்தது. அதன் நீதிபதிகள் ஜில்லாதோறும் சுற்றிவந்து கடுங்குற்றங்களை விசாரித்ததால் அது சர்க்கியூட் கோர்ட்டு என்றும் வழங்கப்பட்டது. குற்றவியலில் அப்போது இஸ்லாமியச் சட்டமே நடைமுறையில் இருந்தமையால், நீதிபதியின் அருகில் அமர்ந்த காஜியோ முப்தியோ பத்வா எனப்படும் சட்டக் கருத்தை எழுதித் தந்தபிறகே தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கு, ஆயுள் சிறை ஆகிய தண்டனைகள் மட்டும் உடனே நிறைவேறாமல், சென்னையிலிருந்த பௌஜ்தாரி அதாலத் என்னும் உயர் குற்றவியல் மன்றத்தின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டன. இதை மேல்முறையீடு என்று கொள்வது பிழை. அனுப்புபவர் நீதிபதி, கைதி அல்லர். சென்னையில் படிக்கப்பட்டவை வழக்கின் பதிவேடுகள். தண்டிக்கப்பட்டவனோ தொலைவில் சிறையில் காத்துக்கிடந்தான். ஆயினும் ஓர் உயிரை ஒரே நீதிபதியின் முடிவுக்கு விட்டுவிடலாகாது என்ற நெறி இம்மண்ணில் எழுத்துவடிவச் சட்டமாக அப்போதே வேரூன்றிவிட்டது. அந்த ஆட்சியின் மற்றக் குறைகளை எண்ணும்போதும் இதை மறைக்கக் கூடாது.

1843இல் மாகாண நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டு, அவற்றின் வேலை மாவட்டங்களில் அமர்ந்த செஷன்ஸ் நீதிபதிகளிடம் வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டமும் 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1862 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோதுதான், செஷன்ஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன் தானே உயர்ந்த மன்றத்தை நாடும் உரிமை சட்டத்தில் தெளிவாக நிலைபெற்றது. அதே ஆண்டில் பழைய அதாலத்துகளின் இடத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் பெற்றது. பழைய ஒப்புதல் முறையும் மறையவில்லை. மரண தண்டனை உயர் நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டாலன்றி நிறைவேற்றப்படக் கூடாது என்ற விதி 1898, 1973 சட்டங்கள் வழியாக இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வரை தொடர்கிறது.

சட்டம் ஒருபுறம் நிலைத்திருக்க, முறையிடும் ஊர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 1911இல் சந்திரகிரி புதிய சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தபோதும் மேல்முறையீடு சென்னைக்கே சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின், 1954இல் உயர் நீதிமன்றம் குண்டூரில் அமைந்தது. 1956இல் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஐதராபாத்துக்கு மாறியது. 2019 முதல் அமராவதியில் இயங்குகிறது. சென்னைக்கு ஒரு பகலில் போய்வந்த வட்டாரத்து ஏழைக் குடும்பம், வக்கீலைத் தேடி அறியாத நகரில் நாட்கணக்கில் தங்க நேர்ந்தது. எல்லைகளை வரைந்தவர்கள் மொழியைக் கருதினார்கள். சிறையிலிருப்பவனின் குடும்பம் நடக்க வேண்டிய தொலைவு யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இக்குறையை ஓரளவு போக்கியது 1978ஆம் ஆண்டின் ஹொஸ்கோட் வழக்கு. தீர்ப்பின் நகலைக் கைதிக்கு இலவசமாக உரிய காலத்தில் தரவேண்டும் என்றும், வசதியற்றவனுக்கு மேல்முறையீட்டில் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்றும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் உள்ளிட்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதில் தீர்ப்பளித்தது. முறையிட்டான் என்பதற்காக அம்முறையீட்டிலேயே தண்டனையைக் கூட்ட முடியாது என்பதையும் கைதிகள் பலர் அறியாமல் அஞ்சுகிறார்கள். சிறையிலிருப்பவர் தம் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டியது அவ்வதிகாரியின் கடமை. உயர் நீதிமன்றத்தில் முறையிடுவதற்கான காலவரம்பு, மரண தண்டனையாயின் 30 நாள், பிற தண்டனைகளாயின் 60 நாள். காலம் தவறியவர்களும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்குமாறு விண்ணப்பிக்கலாம்.