பாலாடையும் எவர்சில்வர் டம்ளரும்

எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடை, பாட்டி பிறந்தபோது வாங்கியது. பால் புகட்டும் அதன் மூக்கு சற்று நசுங்கியிருக்கும். அம்மா, நான், என் மகள் எல்லோரும் அதில் குடித்தவர்கள்தாம். சில ஊர்களில் இதையே சங்கு என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடலில் குளித்தெடுத்த சங்கிலேயே பால் புகட்டிய காலம் உண்டு. பாத்திரம் வெள்ளியாக, பித்தளையாக மாறியும் பெயர் மாறவில்லை.

புட்டி வந்ததும் பல வீடுகளில் பாலாடை பரணுக்குப் போனது. எனக்கு அது பெரிய வருத்தம். ரப்பர் காம்பின் இடுக்கில் தங்கும் பால் கெட்டு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பாலாடையோ திறந்த பாத்திரம். தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டால் போதும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால்புட்டி விளம்பரத்தையே இந்தியாவில் தடை செய்தது. எடை குறைவாகப் பிறந்து, உறிஞ்சத் தெம்பில்லாத சிசுக்களுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். அதைப் பார்த்தபோது பாட்டியை நினைத்துக் கண் கலங்கினேன்.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் சின்ன எவர்சில்வர் டம்ளர் கொடுத்தோம். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும். பாதி கழுத்தில் வழிந்தது. பிறகு தட்டில் குழைந்த நெய்ச்சோறு. அள்ளினாள், சிந்தினாள், வயிற்றில் பூசிக்கொண்டாள். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி கண்ட குழந்தையும் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டதுதான்.

துடைக்கத் துணியோடு ஓடிய என்னை அம்மா தடுத்தாள். "விடுடி, தின்னு முடிக்கட்டும்."